மஞ்சள் விளக்கு பிடிக்காதவள்

நடந்தவை இவை:

1. மழைக்கு மூன்று வாரம் முன்பு, பாறசாலையிலிருந்து ஒருவர் தன் வெல்டிங் மெஷினை எங்கள் ரிப்பேர் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். ஐந்து நிமிடம் வேலை செய்தால் மஞ்சள் விளக்கு எரிகிறது, அதன்பிறகு ஆர்க் பிடிப்பதில்லை, பற்றவைக்க முடிவதில்லை என்றார்.

2. நான் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே காற்று ஊதும் விசிறி தேய்ந்துபோய்ப் பாதி வேகத்தில் சுற்றியது. அதனால் மெஷின் சூடாகிறது, சூடானதால் மஞ்சள் விளக்கு எரிகிறது. வேறு கோளாறு இல்லை. ‘விசிறி மாற்றாமல் கொடுக்கக் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதி மெஷின் மேல் ஒட்டினேன்.

3. அந்த அளவு விசிறி சாலை பஜார் கடைகளில் இல்லை. வர மூன்று நாளாகும் என்றார்கள்.

4. மறுநாள் நான் கழக்கூட்டத்தில் ஆபீசில் இருந்தேன். மாலையில் வந்தபோது மெஷின் இல்லை. சரியாகிவிட்டது, கொண்டுபோய்விட்டார் என்றாள் அக்கா. விசிறி கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றாள்.

5. ஒன்பது நாள் கழித்து, நேமத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் அந்த மெஷின் வெடித்தது. பாறசாலைக்காரர் ஏணி மேல் நின்று கூரைச் சட்டம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சத்தத்தில் பதறிக் கீழே குதித்தார். வலது குதிகால் எலும்பு உடைந்தது.

6. மெஷின் எங்களிடம் திரும்பி வந்தது. ‘அரை மணி நேரம் சூட்டில் ஓட்டிப் பார்த்தது, சரி’ என்று அச்சிட்ட துண்டு மூடி மேல் ஒட்டியிருந்தது. அதிலிருந்த கையெழுத்து என்னுடையது. ஓட்டிப் பார்த்தது நானல்ல. யாருமே ஓட்டிப் பார்க்கவில்லை.

எண் போட்டு எழுத முடிந்தது இவ்வளவுதான். இனி சொல்லப்போவது அக்காவைப் பற்றி.

சொந்த அக்கா இல்லை. தம்பானூர் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். நான் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்தவள். அவள் டிப்ளமோ, என்னைவிட ஆறு வயது மூத்தவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்து சாலை பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்த குடும்பம். கடை அண்ணன்மாருக்குப் போயிற்று. கடையில் வளர்ந்த பழக்கம் மட்டும் அவளுக்கு வந்தது: வந்தவர் யாரும் முகம் சுருங்கித் திரும்பிப் போகக் கூடாது.

அவளுக்கு ஒரு குணம். எது முறையிட்டாலும் அவளால் தாங்க முடியாது. ஆளானாலும் சரி, பொருளானாலும் சரி. ஸ்கூட்டர் வாங்கிய வாரமே, ஸ்டாண்டை மடக்காமல் கிளப்பினால் கத்துகிற கருவியின் கம்பியை வெட்டினாள். எங்கள் ஷெட்டில் கரண்ட் போனால் யுபிஎஸ் விட்டு விட்டுக் கூவும். மூன்றாம் நாள் அது கூவவில்லை. அம்மாவின் மிக்சி கடகடத்தபோது, அடியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகினாள். கேட் கிரீச்சிட்டால் எண்ணெய் விடுவாள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? வீடு அமைதியாக இருந்தது. “அவ வந்து போனா வீடே உறங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு” என்பாள் அம்மா.

“சாரமில்லடீ” என்பதுதான் அக்காவின் வார்த்தை. பரவாயில்லை என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்கிற மலையாளம். ஆனால் அவள் சொல்லும்போது அது வார்த்தையாக இருக்காது, தலையில் கை வைத்துத் தடவுவதுபோல் இருக்கும். ஒரு சர்க்யூட் போர்டை நான் கருக்கிவிட்டால் சாரமில்லடீ. மேனேஜர் திட்டினால் சாரமில்லடீ. சர்வீஸ் சென்டரையே இழுத்து மூடியபோது, வாசலில் நின்றுகொண்டு அதையே சொன்னாள்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான்கு நாள் என்னோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். கட்டிலுக்குப் பக்கத்தில் மானிட்டர் அடிக்கடி கூவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா கண்ணைத் திறந்து எங்களைப் பார்ப்பார். இரண்டாம் நாள் மத்தியானம், அக்கா எழுந்து போய் மானிட்டரை ஒரு சுற்று பார்த்தாள். மணிப் படத்தின் மேல் கோடு போட்ட பொத்தானை அமுக்கினாள். கூவல் நின்றது.

“அக்கா, அத தொடக் கூடாது.”

“அப்பா கொஞ்சம் உறங்கட்டும்டீ. எண்ணு தெரியுதில்லியா? நீ பாத்துட்டு இரு, போதும்.”

அப்பா தூங்கினார். கால் மணி நேரத்தில் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, யார் இதை அணைத்தது என்று மலையாளத்தில் சத்தம் போட்டாள். அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். “காலையிலேர்ந்து நீங்க நிக்குறீங்க, ஒரு வாய் சாப்பிட்டீங்களா மோளே?” என்று பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் கேட்டாள். நர்ஸின் முகம் இளகியது. போகும்போது சிரித்துவிட்டுப் போனாள்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால், அதை அன்பு என்றே என் மனதில் எழுதி வைத்தேன். அப்பா வீடு திரும்பி, அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார்.

அப்பா போனபின் காரை விற்றோம். பாப்பனங்கோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கார் ஷெட் காலியாகக் கிடந்தது. எனக்கு அதற்குள் கழக்கூட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. ஷெட்டில் வெல்டிங் மெஷின் ரிப்பேர் செய்வோம் என்று சொன்னது நான்தான். இங்கே மழைக்கு முன் எல்லா வீட்டு மொட்டை மாடி மேலும் இரும்புச் சட்டம் அடித்துத் தகடு போடுவார்கள். ட்ரஸ் வேலை என்று பெயர். அதற்கு அலைகிற வெல்டர்மார் எல்லோரிடமும் தோளில் மாட்டுகிற சின்ன இன்வெர்ட்டர் மெஷின்தான். அரத்தூள் புகுந்து, வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, வருடத்தில் இரண்டு தடவையாவது அது மக்கர் செய்யும். வேலைக்குப் பஞ்சமில்லை. வாரநாட்களில் அக்கா, சனி ஞாயிறில் இருவரும் என்று பிரித்துக்கொண்டோம்.

நான் பன்னிரண்டு படிகள் கொண்ட ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிளக்கைப் பிடுங்கு. கெப்பாசிட்டரில் நிற்கும் மின்சாரத்தை இறக்கு. தூசி ஊது. அப்படியே போய், கடைசிக்கு முந்தியது: அரை மணி நேரம் பற்றவைத்துச் சூட்டில் ஓட்டிப் பார். கடைசி: ஓட்டிப் பார்த்தவர் துண்டில் கையெழுத்துப் போட்டு, மூடி மேல் ஒட்டு.

அக்காவின் கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது நியாயமாக இருக்காது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் கடிக்கும். பல மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து ‘டப்’பென்று இறக்குவார்கள். அக்காவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஒரு பல்பைத் தொடுத்துவைப்பாள். பல்பு மினுங்கி மெல்ல அணையும். அது அணையும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். விசிறியின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்தால், பேரிங் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். நான் மீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பதற்குள் அவள் காதால் கண்டுபிடித்திருப்பாள். சால்டர் வைத்தால் முத்து முத்தாக நிற்கும். வெட்டிய கம்பி எதுவும் வெறுமனே நிற்காது. பச்சை பிளாஸ்டிக் உறை, ஸ்லீவ், ஏற்றிச் சூடு காட்டி, பிறந்தபோதே அப்படி இருந்ததுபோல ஆக்கிவிடுவாள். பச்சை மட்டும்தான் வாங்குவாள். “கண்ணுக்கு நல்லாருக்கில்லியா” என்பாள்.

ஆகவே அந்த விசிறி தேய்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது.

ஆள்களையும் அப்படித்தான் கையாள்வாள். ஒரு தடவை பாலராமபுரத்திலிருந்து ஒருவர், நாங்கள் சரிசெய்து கொடுத்த மெஷின் இரண்டாம் நாளே நின்றுவிட்டதென்று தெருவிலேயே மலையாளத்தில் கத்திக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நான் நோட்டை எடுத்து, என்னென்ன செய்தோம் என்று படிக்கத் தொடங்கினேன். அவர் குரல் இன்னும் ஏறியது. அக்கா என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடினாள். தன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “சேட்டா, ஆத்யம் இரிக்கூ”, முதலில் உட்காருங்கள் என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் உட்கார்ந்தார். குடித்தார். பிறகு தன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைக்காததைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். போகும்போது மெஷினை மறந்து, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

“பாத்தியா?” என்றாள் அக்கா. “அவனுக்கு வேண்டியது உன் நோட்டு இல்ல.”

“மெஷின் ஏன் நின்னுதுன்னு இன்னும் பாக்கலியே அக்கா.”

“அவன் நின்னானில்லியா? அது போதும் இண்ணைக்கு.”

நான் சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிக்கத்தான் செய்தேன்.

கையெழுத்து விஷயம் இப்படித் தொடங்கியது. நான் ஆபீசுக்குப் போன நாட்களில் அவள் முடித்த மெஷின்களுக்கு அவளே கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டே கேட்டாள்.

“உன் கையெழுத்த கொஞ்சம் துண்டுல போட்டு வையேன்.”

“நீயே போடலாமே அக்கா. ஓட்டிப் பாக்கறது நீதானே?”

“எடீ, என் கையெழுத்தப் பாத்தா ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான். உன்னோடத பாத்தா, இன்ஜினியர் பாத்த மெஷினாக்கும்னு அடுத்தவன்கிட்ட காட்டுவான். பட்டியல் உன்னோடது. நான் அந்தப் பட்டியல்படிதானே செய்வேன்? பின்ன என்ன?”

தவறு என்று தெரியும். கல்லூரியில் லேப் ரெக்கார்டில்கூட நான் அப்படிச் செய்ததில்லை. ஆனால் கேட்டது அவள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவள். இருபது துண்டுகளை அடுக்கி வைத்து, எண் போட்டு, இருபதிலும் கையெழுத்துப் போட்டேன். மை காயும்வரை ஊதிக்கூட விட்டேன்.

பாறசாலைக்காரர் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. ஆட்டோவில் பின்சீட்டு முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை கட்டு. ஆட்டோக்காரர் மெஷினைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். மூடி ஒரு பக்கம் புடைத்திருந்தது, கருகிய வாடை வந்தது. அக்கா அவரைப் பார்க்க கேட்டுக்குப் போனாள். நான் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன்.

உள்ளே டிரான்சிஸ்டர்கள் நான்கும் பிளந்திருந்தன. விசிறி பழையதுதான். விரலால் சுற்றிப் பார்த்தேன். கரகரத்தது. அதற்கு மேலே, சூடு அறிகிற சின்ன ஸ்விட்ச் இருக்கும். மெஷின் சூடானால் அது திறந்துகொள்ளும், மெஷின் நிற்கும், மஞ்சள் விளக்கு எரியும். அந்த ஸ்விட்சுக்குப் போகிற இரண்டு கம்பிகளும் வெட்டப்பட்டு, ஒன்றோடொன்று முறுக்கிச் சால்டர் வைக்கப்பட்டிருந்தன. முறுக்கின் மேல் பச்சை ஸ்லீவ். சுத்தமான வேலை. இனி அந்த மெஷின் எவ்வளவு சூடானாலும் விளக்கு எரியாது.

அப்போது கேட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“அண்ணே, அவ சின்னப் பொண்ணு. ஆபீஸ் ஜோலியும் பாத்துட்டு, இங்கயும் வந்து கஷ்டப்படுதா. ஒரு நேரம் கை மறந்துபோச்சு. நான் ஒரு பார்வை பாத்திருக்கணும், அது என் குத்தம். அவள ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணே. ரெண்டு நாளா அழுதுட்டிருக்கா.”

நான் அழவில்லை. அவருக்கு அடிபட்டதே எனக்கு அன்று காலையில்தான் தெரியும்.

ஆட்டோவுக்குள்ளிருந்து அவர் தலையை நீட்டி ஷெட்டுப் பக்கம் பார்த்தார். சத்தமாகச் சொன்னார்: “சாரமில்ல மோளே. நீ கெடந்து அழாத. எலும்புதானே, கூடிக்கிடும்.”

நான் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவருக்குக் கோபம் வரும், அங்கேயே ஒரு கலவரம் நடக்கும், பக்கத்து ஜன்னல்கள் திறக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க அவளிடமிருந்துதான் கற்றிருந்தேன். ஆட்டோ போயிற்று. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“சமாதானமா போயிட்டான்” என்றாள்.

நான் பச்சை ஸ்லீவைக் காட்டினேன். “இது யாரு பண்ணுனது?”

அவள் பார்த்தாள். மறைக்கவில்லை. அதை இப்போதும் அவள் பக்கம் எழுதத்தான் வேண்டும்.

“அண்ணைக்கு அவன் மொகத்த நீ பாத்திருக்கணும்டீ. மழைக்கு முன்னாடி முடிக்கச் சொல்லி வீட்டுக்காரன் போன் மேல போன். அழுவான்போல நிக்கான். மூணு நாளாவும்னு எப்படிச் சொல்லுவேன்?”

“மூணு நாளாவும்னு சொல்லணும்.”

“நீ சொல்லுவே. உனக்கு அது வரும்.”

“விசிறி கிடைச்சுதுன்னு எங்கிட்ட சொன்னே.”

“நீ ஆபீஸ்லேர்ந்து களைச்சு வந்து நிக்கே. உங்கிட்டயும் போய் அத சொல்லவா?”

“என் பேர ஏன் சொன்னே?”

“நான்தான்னு சொன்னா அவனுக்குக் கோவம் வந்திருக்கும். நாலு ஆளக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்துவான். நீன்னா, பாவம் சின்னப் பொண்ணுன்னு விடுவான். விட்டானில்லியா? ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தானே சொன்னேன்.” என் தோளில் கை வைத்தாள். “சாரமில்லடீ.”

அந்தக் கை எப்போதும் போலவே இதமாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நர்ஸின் கையைப் பிடித்தது, பாலராமபுரத்துக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தது, என் தோளைத் தொடுவது எல்லாம் ஒரே கைதான். நானும் அவளுக்கு எரிகிற ஒரு மஞ்சள் விளக்கு. அவ்வளவுதான்.

கையை எடுத்து விலக்கிவிட்டுக் கேட்டேன். “இதே மாதிரி வேற எத்தன மெஷின் போயிருக்கு?”

“அதெல்லாம் இப்போ ஓடிட்டுதானே இருக்கு.”

“எத்தன அக்கா?”

“எண்ணியா வச்சிருக்கேன்? எண்ணுறது உன் ஜோலி.”

எண்ணினேன். இருபது துண்டுகளில் மேசை டிராயரில் மிச்சம் மூன்று. சனி ஞாயிறில் நானே ஓட்டிப் பார்த்து ஒட்டியவை ஆறு. மீதி பதினொன்று என் கையெழுத்தோடு வெளியே போயிருந்தன. மேசைமேல் கிடந்தது அதில் ஒன்று. மற்ற பத்தும் யாருடைய மொட்டை மாடியில், யாருடைய ஏணிக்குக் கீழே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. வாரநாட்களில் வந்தவர்களின் பெயரை அக்கா நோட்டில் எழுதுவதில்லை. ‘வெள்ள சட்டை’, ‘நெடுமங்காடு, நல்ல ஆளு’, ‘மகளுக்குக் கல்யாணம்’ என்றுதான் எழுதியிருந்தாள். போன் நம்பர் நான்குக்குத்தான் இருந்தது.

“இவங்க எல்லாருக்கும் போன் பண்ணணும் அக்கா. இப்பவே. மெஷின ஓட்டாதீங்கன்னு சொல்லணும்.”

“பயந்துபோவாங்கடீ. ஒண்ணும் ஆகாத மெஷினுக்கு எதுக்கு அவங்க உறக்கத்தக் கெடுக்கணும்? நாலு பேரு நம்ம ஷெட்டப் பத்தி என்ன சொல்லுவாங்க?”

“இன்னொருத்தர் விழுந்தா?”

அவள் டிபன் பாத்திரத்தைக் கழுவி, பையில் வைத்தாள். அம்மாவிடம் போய், தலைவலி, சீக்கிரம் போகிறேன் என்று சொன்னாள். எனக்கும் அவளுக்கும் சண்டை என்று அம்மாவுக்கே தெரியாதபடி போனாள். திங்கட்கிழமை வரவில்லை. அதன்பிறகும் வரவில்லை.

நான்கு பேருக்கும் அன்றே போன் செய்தேன். மறுநாள் பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன்: அதைச் செய்தது நானல்ல. கையெழுத்து என்னுடையது. மற்ற மெஷின்களைக் கண்டுபிடிக்க உங்கள் உதவி வேண்டும்.

அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் வைத்திருந்தார். முதலாவதைச் சொன்னதும் முகம் மாறியது.

“அப்போ அந்தச் சேச்சியாக்கும் செஞ்சது?”

“ஆமாண்ணே.”

“பின்ன அண்ணைக்கி வாயில என்னத்த வச்சிட்டு நின்ன? நான் ஒன்னிய சமாதானப்படுத்திட்டுல்லா போனேன்! பிள்ள அழுதுன்னு வீட்ல வந்தும் சொன்னேன்.”

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

“செரி, எழுத்து ஒன்னோடதுதானே?”

“என்னோடதுதான்.”

“ஓட்டிப் பாத்தியா?”

“இல்ல.”

“பாக்காம ஒப்பு போட்டியா?”

“முன்னாலேயே போட்டு வச்சிருந்தேன்.”

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. யாரும் அதைத் தணிக்கவில்லை. உள்ளே மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “அவ கம்பிய முறுக்கினா. நீ ஒப்பு போட்ட. நான் அந்த ஒப்பப் பாத்துதான் மெஷின ஏத்துனேன்” என்றார். “நீங்க ரெண்டு பேரும் ஒங்களுக்குள்ள பேசித் தீக்கணும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் சொன்னது சரி. அவள் எனக்குச் செய்தது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றிருக்கக் கூடாது என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது. ஆனால் மூன்றாவதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நோட்டைப் படித்துக் காட்டினேன். ‘மகளுக்குக் கல்யாணம்’ யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ‘வெள்ள சட்டை’ இன்னாராக இருக்கலாம் என்றார். என் எதிரிலேயே இரண்டு பேருக்குப் போன் போட்டார். “லேய், அந்த மெஷின தொடாத. ஆமா, சும்மா சொல்லல்ல, எங்காலு கெடக்கத கண்டேல்லா?” என்றார். என்னைப் பார்க்காமலே மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தார்.

அக்கா இப்போது சாலை பஜாரில் வெல்டிங் சாமான் விற்கிற ஒரு கடையில் இருக்கிறாள் என்று கேள்வி. நல்ல பெயராம். வாரம் ஒரு தடவை எனக்கு மெசேஜ் வரும். ‘சாப்பிட்டியாடீ?’ என்றோ, ‘அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?’ என்றோ இருக்கும். நடந்ததைப் பற்றி ஒரு வரி இருக்காது. அவளைப் பொறுத்தவரை அது ஆறிவிட்டது. நான் பதில் போடுவதில்லை. அம்மா போடுகிறாள். அக்கா ஏன் வருவதில்லை என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள், இப்போது கேட்பதில்லை. முழுக்கதையையும் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவ அப்பாவுக்கு அவ்வளவு செஞ்சாளேடீ” என்றாள். செய்தாள்தான்.

ஒரு வருடம் ஆகிறது. நிலைமை இது. ஷெட்டில் நான் மட்டும், சனி ஞாயிறில் மட்டும். வரிசை நீளமாக இருக்கிறது, வருகிறவர்கள் முகம் சுருங்கித்தான் போகிறார்கள். பாறசாலைக்காரரின் மெஷினுக்குப் புது விசிறியும் புது டிரான்சிஸ்டர்களும் போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டி, கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை. அவர் இப்போது ஏணி ஏறுவதில்லை. தரையில் வைத்து கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைக்கிறார். பதினொன்றில் ஒன்பது மெஷின்கள் திரும்பி வந்துவிட்டன. ஆறில் கம்பி முறுக்கியிருந்தது. மூன்றில் வேலை முறையாக இருந்தது, அந்த மூன்றையும் அவள் உண்மையாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ‘நெடுமங்காடு, நல்ல ஆளு’ என்று எழுதியதும், ஒன்றுமே எழுதாத இன்னொன்றும் கிடைக்கவில்லை. அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.